விளக்கேற்றிய பிறகு மணியடித்த போன்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். எழுபத்தெட்டு வயது ராகேல் அம்மா. அவருடைய தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஐசக் மாமா. பக்கத்து வீட்டில் மீன் வியாபாரம் செய்யும் கஸ்தூரி அக்கா. அப்புறம் நான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துப் பழகி, இப்போது வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய் போன் சொல்லித் தருகிறேன். ராகேல் அம்மாவின் அக்கா எஸ்தர் இஸ்ரேலில் மகள் மிரியமோடு இருக்கிறார். இங்கே ஒரு ஐபோனைக் கொடுத்தனுப்பியதும், என்னைத் தேடிப் பிடித்ததும் மிரியம்தான். அன்று எஸ்தருக்கு இதயத்தில் ஆபரேஷன். மிரியம் போனை எடுக்கவில்லை, வந்து பார் என்று ராகேல் அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. தாம்பரத்தில் ரயில் ஏறினேன். திருவொற்றியூர் வரை பதினைந்து ரூபாய். கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். அது கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நின்றுவிட்டது. ராகேல் அம்மாவும் மாமாவும் யூதர்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டால் மறுநாள் இருட்டும் வரை ஓய்வு நாள். போனைத் தொட மாட்டார்கள். விளக்குக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும்.

நான்கே கால். திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"எக்கா, இதுங்க எப்ப நவுரும்னு அந்த டிரைவருங்களுக்கே தெரியாது. நடந்துகினே போ, எனக்கு மின்னாடி பூடுவ."

ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு பக்கம் லாரிப் புகை, மறுபக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். அதன் மேல் வலையை விரித்துக் காயவைத்திருந்தார்கள். எதையும் நின்று பார்க்கவில்லை. போன் கெட்டுப்போயிருக்குமோ, எஸ்தருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று என் மனம் லாரிகளைவிட நீளமாக வரிசை கட்டியது.

ஐந்தே கால். ராகேல் அம்மா கதவைத் திறந்ததுமே சொல்ல ஆரம்பித்தார்.

"செல்வி, நாலரைக்குள்ள முடிஞ்சிரும், உடனே போன் பண்றேன்னு மிரியம் சொன்னா. இன்னும் பண்ணலை. நான் பண்ணினாலும் எடுக்கலை."

ஐசக் மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி அக்கா என்னிடம் சொன்னார். "காலீல இருந்து ரெண்டு பேரும் பச்சத் தண்ணி குடிக்கல. நானும் சொல்லிகினே கீறேன்."

போனை வாங்கினேன். போன வாரம் கடிகாரத்தில் இஸ்ரேல் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அங்கே மணி இரண்டே முக்கால்.

"அம்மா, மிரியம் சொன்னது அவங்க ஊர் நாலரை. நமக்கு அது ஏழு மணி."

ராகேல் அம்மா அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐசக் மாமா தன் அக்காவைப் பார்த்தார். "கிரேனு மேல நின்னுகினு எத்தினி நாட்டுக் கப்பலுக்கு டைம் சொல்லிக்கீறேன். வூட்டுல கோட்டை வுட்டுட்டேன் பாரு."

நிம்மதி ஒரு நிமிடம்தான் இருந்தது. ஏழு மணிக்கு இங்கே விளக்கேற்றியாகியிருக்கும். அங்கே வெள்ளிக்கிழமை இன்னும் வெளிச்சமாக இருக்கும். மிரியம் தாராளமாகப் பேசலாம். இவர்கள் எடுக்க முடியாது. சனி இரவுவரை அக்கா எஸ்தர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கிடக்க வேண்டும்.

"நான் இருந்து எடுக்கட்டுமா மாமா?"

"வாணாம்மா. எங்களுக்கோசரம் நீ கை நீட்டினா, அது நாங்க நீட்டினாப்லதான்."

அப்போதுதான் பக்கவாதம் வந்த ஒருவருக்குச் செய்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. கை போகாமலே போன் தானாக அழைப்பை எடுத்து, ஸ்பீக்கரில் பேச வைக்கலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே செய்துவைத்தால், விளக்குக்கு முன்னாலேயே மூட்டிவைத்த அடுப்பில் சோறு சூடாக இருப்பதுபோலத்தானே என்றார் ராகேல் அம்மா. ஐசக் மாமா கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். செட்டிங்ஸை நான் தொடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அம்மாவே ஒவ்வொன்றாகத் தேடி அமுக்கினார். என் போனிலிருந்து அழைத்தேன். தானாக எடுத்தது.

பிறகு விளக்கேற்றினார். கண்களைக் கையால் மூடி ஏதோ சொன்னார். அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்தேன். கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆறே முக்கால். போன் அடித்தது. தானாக எடுத்தது.

"வணக்கம் சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு."

யாரும் அசையவில்லை. அந்தப் பெண் வட்டி விகிதம் சொன்னாள், தவணை சொன்னாள், கேட்கிறீர்களா சார் என்றாள். இந்த நேரத்தில் மிரியம் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தொடலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. கஸ்தூரி அக்கா எழுந்தார்.

"கஸ்தூரி, வாணாம்" என்றார் மாமா.

"நைனா, உங்களுக்கோசரம் இல்ல. எனுக்குக் காது பேஜாராவுது. என் காதுக்கு நான் பண்றேன்." சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கினார். முப்பது வருடப் பக்கத்து வீடு. ஓய்வு நாள் சட்டத்தின் சந்து பொந்தெல்லாம் கஸ்தூரி அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு தாண்டிப் பத்து நிமிடம் போனதும் மறுபடியும் அடித்தது.

"சித்தி, கேக்குதா? முடிஞ்சிருச்சு. நல்லபடியா முடிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சுட்டாங்க. தண்ணி குடுக்கலைன்னு நர்ஸைத் தமிழ்ல திட்டுறாங்க. அதுக்கு ஒண்ணும் புரியாம தேங்க்யூ சொல்லிட்டுப் போவுது."

"எஸ்தரு" என்று மட்டும் சொன்னார் ராகேல் அம்மா. மாமா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். கஸ்தூரி அக்கா இரண்டு பேருக்கும் சோறு போட்டுத் தட்டை நகர்த்தினார்.

எட்டு மணிக்குக் கிளம்பினேன். லாரிகள் அதே இடத்தில் நின்றன. எங்கள் தாம்பரத்து வீட்டில் போன் அடித்தால் நான் பதறாத நாளே கிடையாது. அன்று திரும்பும் ரயிலில் என் போன் இரண்டு முறை அடித்தும் மெதுவாகத்தான் எடுத்தேன்.

நான் கிளம்பும்போது வாசலில் ராகேல் அம்மா எனக்குப் பணம் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பி, பாதியில் நின்றுவிட்டிருந்தார். ஓய்வு நாளில் பணத்தையும் தொடக்கூடாதாம். எழுதி வைக்கவும் கூடாது.

"ஞாபகம் வெச்சுக்கோ செல்வி. நாளைக்கு ராத்திரி நானே போன்ல அனுப்புறேன், நீ சொல்லிக் குடுத்தாப்ல."

வந்ததுக்கு நானூறு, ஷேர் ஆட்டோவுக்கு இருபது. பாக்கி நானூற்று இருபது ரூபாய்.