பார்வதம்மாவின் பொலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஆணி விற்று, சொந்தமாக மாடி கட்டினேன். ஊரிகத்தில் யாருக்கு எந்தச் சொல்லுக்குப் பொருள் வேண்டுமானாலும் என் இரும்புக்கடைக்குத்தான் வருவார்கள். பார்வதம்மாவும் அப்படித்தான் வந்தார்.

இருபது வருடம் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் ஆபீஸ் கூட்டித் துடைத்தவர். காலமான கணவர் ராஜப்பா, சுரங்கம் மூடும்வரை, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் வாசலில் நின்று டோக்கன் சரிபார்த்தவர். அறுபது வயதில் பார்வதம்மா பேத்தமங்களா பக்கம் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கேழ்வரகு போட்டார். லைனே சிரித்தது. கதிர் முற்றியதும் சிரிப்பு அடங்கியது. அப்போதுதான் நிலத்துக்காரர் ராஜேந்திரன் குண்டைப் போட்டார்.

“தக்காளி போட ஒருத்தர் நெலத்தக் கேக்கறாரு. மைன்ஸ்காரங்களுக்குத் தோண்டத் தெரியும், பொலி தெரியுமா? களத்துக்கு வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்.”

பார்வதம்மா நேரே என் கடைக்கு வந்தார். “அண்ணே, பொலின்னா இன்னா?”

“தூத்தி, களத்துல குவிச்ச தானியம்மா. அத தூத்தறதுதான் பொலி தூத்தறது. அளக்கறப்போ மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்லக் கூடாது, பொலின்னு சொல்லணும். அப்பறந்தான் ரெண்டு, மூணு. பசுவோட சேக்கற காளை பொலிகாளை. மூஞ்சில வந்தா பொலிவு. எல்லாம் பெருகறதுதான்.”

“உங்க மூஞ்சில அது எங்கண்ணே கீது?” என்று சிரித்தவர், “களத்துக்குள்ள யார் வரலாம், எப்படி வரலாம்னு சட்டம் எதனா கீதா?” என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழகிய வாய் இல்லை இது. “இல்லாமயா? ரொம்பக் கண்டிப்பும்மா” என்றேன். போகும்போது என்னிடம் கொஞ்சம் தகரம் வாங்கிக்கொண்டு போனார்.

அளக்கும் நாளில் போனேன். களத்து ஓரம் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கொரு தகர வில்லை, வில்லையில் நம்பர். ராஜேந்திரன் ஷூவோடு, காதில் போனோடு உள்ளே கால் வைத்தார்.

“நில்லுங்க!” என்று மறித்தார் பார்வதம்மா. “செருப்பு வெளிய. டோக்கன் எடுங்க. உள்ள விசில் அடிக்கக் கூடாது. போறப்போ டோக்கன மாட்டிட்டுப் போங்க. இல்லன்னா ஆளு உள்ளயே கீறாருன்னு தேடுவோம்!”

செருப்பைத் தவிர அத்தனையும் சுரங்கத்துச் சட்டம்! போச்சு, நிலம் தக்காளிக்குத்தான் என்று நினைத்தேன்.

ராஜேந்திரன் என் பக்கம் திரும்பினார். “இன்னா சம்பங்கி, இது எந்தப் பழக்கம்?”

நான் வாயை மூடி ஊரிகத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று மூடினேன். செருப்பைக் கழற்றி, பயபக்தியோடு நாலாம் நம்பர் வில்லையை எடுத்துக்கொண்டேன்.

நிலத்தோடு பிறந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஆமாமா, எங்கப்பா காலத்துல இருந்தது” என்று முனகிக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

பார்வதம்மா முதல் மரக்காலைத் தூக்கி, “பொலி!” என்றார். குரல் கேஜ் மணி மாதிரி கணீரென்றது. குவியல் தீரும்வரை ராஜேந்திரன் வில்லையைக் கையில் பிடித்தபடி கோயிலில் நிற்கிறவர் போல நின்றார்.

“அடுத்த வருசமும் நீங்களே போடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வண்டிவரை போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு ஓடிவந்து வில்லையை ஆணியில் மாட்டினார்.

இப்போது பேத்தமங்களாவில் இன்னும் இரண்டு களத்தில் அந்தப் பலகை இருக்கிறது. தகரம் என் கடைச் சரக்கு. துருப்பிடிக்காது.