காற்றில் ஆற்றிய காபி

பம்பாய்ச் செம்பூரில் எங்கள் தெரு சிரித்துக்கொண்டுதான் விழிக்கும். பால்காரனின் மணிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே பூங்காவிலிருந்து ஹோ ஹோ, ஹா ஹா ஹா என்று பெண்குரல்கள் எழும். வயதான பெண்கள், வட்டமாக நின்று, காரணமே இல்லாமல். "பைத்தியங்கள்" என்று அப்பா பேப்பரை உதறுவார். எனக்கோ கால் துறுதுறுக்கும்.

அந்தக் கோடையில் பெரியம்மா எங்களோடு இருந்தாள். பெரியப்பா போன பிறகு மாட்டுங்கா வீட்டைப் பூட்டி அம்மா அழைத்து வந்திருந்தாள். வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், படுத்தவள் பேசவில்லை. தட்டில் வைத்த தோசை ஆறி, விறைத்து, சமையலறைக்கே திரும்பிப் போகும். மாத்திரை மட்டும் போதாது, வெயிலும் மனுஷாளும் வேண்டும் என்றார் டாக்டர். "இப்படியே விட்டா அக்காவை நான் தொலைச்சுடுவேன்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பஸ்ஸில் குடையைத் தொலைக்கலாம். வீட்டுக்குள் படுத்திருக்கும் பெரியம்மாவை எப்படித் தொலைப்பது?

அவளைப் பூங்காவுக்கு இழுத்துப்போகும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. அவள் கை ஈரத்துணி மாதிரி என் கையில் கிடக்கும். வட்டத்தை நடத்தியவர் ஒரு குஜராத்தி அம்மாள். கான்வாஸ் ஷூ, பருத்திப் புடவை, எல்லோருக்கும் அவர் பென், அதாவது அக்கா. கையைத் தட்டு என்பார், தட்டுவார்கள். சிங்கம்போல் நாக்கை நீட்டு என்பார், நீட்டுவார்கள். வேலிக்கு வெளியே அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் நிற்கும். ஜன்னல் கொள்ளாமல் விஞ்ஞானிகள் வேடிக்கை பார்ப்பார்கள். பென் அவர்களுக்கும் நாக்கை நீட்டுவார். பெரியம்மா மட்டும் கம்பம்போல் நிற்பாள்.

ஒருநாள் பென் லஸ்ஸிச் சிரிப்பு சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையிலும் இல்லாத டம்ளர். இதிலிருந்து அதில் ஊற்றி, அதிலிருந்து இதில் ஊற்றி, அண்ணாந்து வாயில் கவிழ்த்துச் சிரிக்க வேண்டும். எல்லோரும் சாண் உயரத்தில் ஊற்றினார்கள்.

"கர்மம், இப்படியா ஆத்துவா?"

யார் பேசியது என்று திரும்பினேன். பெரியம்மா.

"ஐஸா நை, பென். ஊப்பர் ஸே!" வலது கை தலைக்கு மேலே போயிற்று, இடது கை இடுப்புக்குக் கீழே. நடுவே காற்றில் ஒரு காபி, நுரை பொங்க, ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கியது. "டபரான்னு நெனச்சுக்கோங்கோ. லஸ்ஸியாம் லஸ்ஸி!"

பென் கை உயர்த்தி முயன்றார். பக்கத்திலிருந்த மராத்திக்காரி துள்ளி விலகி, "அரே மாமி, ஜல் கயா!" என்று காபி சிந்திச் சுட்டுவிட்டதுபோல் புறங்கையை ஊதினாள். முதல்முறையாக அந்த வட்டத்துக்குச் சிரிக்கக் காரணம் கிடைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிச் சிரித்தார்கள். பெரியம்மாவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

அப்புறம் தினமும் காலையில் அவளே என்னை எழுப்பினாள். புதுப்புதுச் சிரிப்புகள் பிறந்தன: அப்பளம் இடும் சிரிப்பு, தண்ணீர் லாரி வந்துவிட்ட சிரிப்பு, கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் ஏறும் சிரிப்பு.

அந்த லோக்கல் சிரிப்பில்தான் அது நடந்தது. தோளோடு தோள் முட்டி எல்லோரும் ஏற, பெரியம்மாவின் சிரிப்பு உயரே போய், உடைந்து, அழுகையாகக் கொட்டியது. வாய் திறந்து, ஓவென்று. யாரும் விலகவில்லை, லேடீஸ் கம்பார்ட்மென்ட்போல இன்னும் நெருங்கி நின்றுகொண்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியம்மாக்கு மறுபடியும் உடம்பு வந்துடுத்து. அழறா!"

அம்மாவின் தோசைத் திருப்பி நின்றது. "சத்தமாவா?"

"தெருவுக்கே கேக்கறது."

"அத்திம்பேர் போனன்னிக்குக்கூட ஒரு சொட்டு விடலையேடி அவ!" அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர். செருப்புகூடப் போடாமல் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

சிரிக்க வைக்கத்தானே இத்தனை நாள் இழுத்துக்கொண்டு போனேன்? அழுததற்கு இவ்வளவு சந்தோஷமா? பெரியவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கருகிக்கொண்டிருந்த தோசையைப் பார்த்தபடி கேஸை அணைத்தேன்.