சாட்டைப்பிடி பட்ட மூக்கு

சவரிமுத்து மூச்சு விட்டால் விசில் அடிக்கும். மூக்கின் நடுச்சுவரில் உளுந்து அளவுக்கு ஓர் ஓட்டை. பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டு வாயை மூடியிருக்கும் நேரம் பார்த்து அது கத்தும். பின்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். கோயிலுக்குள் சிரிக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

ஓட்டை போட்டவன் முன்வரிசையில் பக்தியாக உட்கார்ந்திருப்பான். பெயர் அருள்பிரகாஷ். வேறு யாருமில்லை, சவரிமுத்துவின் சித்தப்பா மகன்தான்.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரில் பெரிய வெள்ளிக்கிழமையன்று பாஸ்கா நாடகம் போடுவார்கள். இந்த இரண்டு வீட்டாருக்கும்தான் அதில் முறை. ஒரு வருஷம் ஒரு வீட்டார் இயேசுவாகச் சிலுவை சுமந்தால், மற்ற வீட்டார் சேவகனாகச் சாட்டை பிடிப்பார்கள். அடுத்த வருஷம் மாறும். இன்று அடிப்பவன் அடுத்த வருஷம் அடி வாங்க வேண்டும் என்பதால் கை தானாக அடங்கும் என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. முறையை விட்டுக்கொடுத்த வீட்டுக்கு மறுபடி முறை கிடையாது.

வண்டிப்பாதைத் தகராறு வரும்வரை ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. சவரிமுத்துவின் மரவள்ளிக் காட்டுக்குள் அருள்பிரகாஷ் டிராக்டர் விட்டான். சவரிமுத்து கல் நட்டு மறித்தார். சர்வேயர் வந்து அளந்து, கல் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் பாஸ்கா வந்தது. சவரிமுத்து இயேசு, அருள்பிரகாஷ் சேவகன். சாட்டை வெறும் பருத்திக் கயிறு. சிவப்புச் சாயத்தில் நனைத்து முதுகில் விசிறினால் ரத்தக்கோடு மாதிரி விழும். நாலைந்து அடி அப்படித்தான் விழுந்தது. பிறகு அவன் முன்னால் வந்து சாட்டையைத் திருப்பிப் பிடித்தான். வேலங்கட்டைப் பிடி மூக்கில் இறங்கியது.

சவரிமுத்துவின் கைகளைத் தூணில் கட்டியிருந்தார்கள். மூக்கிலிருந்து கொட்டியதைச் சனம் சாயம் என்று நினைத்தது. இந்த வருஷம் சாயத்தை நன்றாகக் கலந்திருக்கிறார்கள் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார். சவரிமுத்து நாடகத்தை நிறுத்தவில்லை. இயேசு வேஷம் கட்டியவன் பாதியில் இறங்கினால் ஊருக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஈஸ்டர் பூசை முடியும்வரை ஊர் எல்லை தாண்டுவதில்லை, மருந்து தொடுவதில்லை என்று நேர்ச்சை வேறு. இரண்டு துவாரமும் அடைத்துப்போய், காய்ச்சலோடு, வாயால் மூச்சு விட்டபடி கிடந்தார். திங்கட்கிழமைதான் பஸ் ஏறினார்.

தருமபுரி டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். "சுவருக்குள்ள ரத்தம் கட்டியிருந்திருக்கு. அன்னிக்கே வந்திருந்தா கீறி எடுத்திருப்பேன். இப்ப சீழ் புடிச்சு குருத்தெலும்பே அழுகிப்போச்சு."

புண் ஆறியபோது ஓட்டை மிஞ்சியது. சிலிக்கான் பொத்தான் வைத்து அடைக்கலாம் என்றார் டாக்டர். சவரிமுத்து முடியாது என்றுவிட்டார்.

"அடைச்சுட்டா என்னங்க கெட்டுப்போவுது?" என்று கேட்டாள் அவர் மனைவி ஞானமேரி. "தெனமும் பொருக்கு, தெனமும் ரத்தம். தலகாணி உறை தொவச்சே என் கை தேஞ்சுபோச்சு."

"வேணும்னுதான் அடிச்சேன்னு அவன் வாயால சொல்லட்டும், அடைச்சுக்கறேன். அதுவரைக்கும் கத்தட்டும். அவன் காதுல வுழட்டும்."

அவன் சொல்வானா? கை வழுக்கிவிட்டது என்றான். பங்குச்சாமியார் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியபோது, "ஏசுவுக்கு வுழுந்த அடிய தனக்கு வுழுந்ததா நெனச்சுட்டாரு எங்கண்ணன்" என்று அவரிடமே நக்கலடித்தான். ஊரும் சிரித்தது. ஊருக்கென்ன, அதன் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வலியைக்கூட சவரிமுத்து பொறுத்துக்கொண்டார். அடியும் வாங்கிப் பொய்க்காரன் பட்டமும் வாங்கியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் முறை மாறியது. சாட்டை சவரிமுத்துவிடம் வந்தது. அருள்பிரகாஷ் முதுகுவலி என்று சொல்லிப்பார்த்தான். "பயந்துட்டான்னு ஊரு பேசும், முறையும் போயிரும்" என்று அவன் அம்மா சூசையம்மாளே அங்கியை மாட்டி அனுப்பிவைத்தாள். அங்கியின் கழுத்தில் அந்த வருஷம் புதிதாகக் காலர் மைக் குத்தியிருந்தார்கள்.

அவனைத் தூணில் கட்டினார்கள். சவரிமுத்து கயிற்றை நாலு தடவை மெதுவாக விசிறினார். பிறகு சுற்றிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருந்தார், அதை மறைப்பானேன். ஒரு வருஷமாக அந்த ஒரு அடியைத்தான் மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தார். சாட்டையைத் திருப்பிப் பிடித்தார். மூச்சு வாங்கியது. மூக்கு கத்தியது. அருள்பிரகாஷின் கழுத்து மைக் அதைப் பிடித்து நான்கு ஒலிபெருக்கியிலும் அலறவிட்டது.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அருள்பிரகாஷின் கண் சாட்டைப்பிடியை விட்டு நகரவில்லை.

"அண்ணா, வேண்டாண்ணா" என்றான். "நான் வேணும்னுதான் அடிச்சேன். அந்தப் பாதைக்காவத்தான் அடிச்சேன். கை வழுக்கல. என்னைய உட்டுருண்ணா."

ஊர் முழுக்கக் கேட்டது. சூசையம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சவரிமுத்து சாட்டையைக் கீழே போட்டார். கட்டை அவிழ்த்துவிட்டார். அவன் அப்படியே மண்டியிட்டு அவர் காலைப் பிடிக்க வந்தான்.

"மன்னிச்சுருண்ணா."

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"மன்னிப்பெல்லாம் சாமியாருகிட்ட போயிக் கேளு, குடுப்பாரு. என்கிட்ட இல்ல."