மகன் கேட்ட பழுப்பு நிறம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடவாசலில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் மகன் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ரயில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி தினமும் நச்சரிப்பேன். ஏதாவது சொல்லி நழுவிவிடுவான். அன்று, பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை லேப்டாப்பில் ஓடவைக்கும் எமுலேட்டரோடு உட்கார்ந்திருந்தான். அந்தக் காலத்து மானிட்டரில் தெரிந்த அதே நிறங்களைக் கொண்டுவர வேண்டும் என்பது அவன் பிடிவாதம். நான் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் படித்தபோது அந்த மானிட்டர்களைப் பார்த்தவள். அதனால் என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, இந்த கேம்ல வர்ற சுவர் அப்ப என்ன கலர்ல இருந்துச்சு?"

"பழுப்புடா. இது அழுக்கு மஞ்சளால்ல இருக்கு."

நிறங்களைக் கூட்டிக் குறைத்தான். "இப்ப சரியா?"

"கிண்டல் பண்றியா? பாசி புடிச்ச மாதிரி பச்சையா இருக்கு" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "எனக்குப் பழுப்பும் பச்சையும் ஒண்ணாதாம்மா தெரியுது. ஸ்கூல் படிக்கிறப்பவே தெரியும். ரயில்வேல கண் டெஸ்ட்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எனக்குக் காய்ச்சல் வந்தாலே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டு அழுவ. இதச் சொல்லிட்டு உன்னை யாரு தேத்துறது?"

பக்கத்தில் உட்கார்ந்து, "சிவப்பை இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றேன். கூட்டினான். பழுப்பு வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துதான் நிறுத்தினான்.

என் பயத்தைப் பாசம் என்றே நினைத்திருந்தேன். அதற்கு அஞ்சி என் பிள்ளை இத்தனை வருடம் தனியாக இருந்திருக்கிறான்.