ராட்டினத்துக்குக் கப்பல் இல்லை

போர்ட் பிளேரில் பொருட்காட்சி மைதானத்தையும் அதை ஒட்டிய இரண்டு மண்டபங்களையும் நடத்துகிற சங்கத்தில் நான் மேலாளர். லாப நோக்கமற்ற சங்கம் என்று வாசலில் பலகை தொங்குகிறது. லாபம் இல்லை என்பது உண்மை. நோக்கமும் பல நாள் என் கண்ணில் படுவதில்லை. நாற்காலிகளை அடுக்க ஆள் தேடுவது, கழிப்பறைக்குத் தண்ணீர் வரவழைப்பது, ஒரு மண்டபத்து ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி இன்னொரு மண்டபத்துக்காகக் கெஞ்சுவது, இதிலேயே பொழுது போய்விடும்.

அந்த வருடம் பொருட்காட்சி முடிந்து கடைக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகும் ராட்டினம் மட்டும் போகவில்லை. பிரித்துப் போட்ட இரும்புச் சட்டங்களும் தொட்டில்களும் மைதானத்தின் நடுவே கிடந்தன. ராட்டினக்காரர் விருதுநகர் பக்கத்து ஆள். தினமும் காலையில் வந்து என்னை ஹேடோ துறைமுகத்துக் கப்பல் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போவார். சரக்கு ஏற்ற இடமில்லை, அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த கப்பல், கடல் சரியில்லை என்று தள்ளிப்போகும். கப்பல் ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் போயிற்று.

அவருக்கு ஊரில் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆள் போக டிக்கெட் கிடைத்தது. ராட்டினம் போகத்தான் வழியில்லை. விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த இரும்புதான். இதற்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமை மலர்க் கண்காட்சிக்கு மைதானம் வேண்டும் என்று எங்கள் செயலாளர் நாளுக்கு நாலு தடவை போன் செய்தார். "சாமான் ஹடாவோ", சாமானை அகற்று, என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. எடுத்து எங்கே வைப்பது என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்.

கடைசியில் நான் ராட்டினக்காரரிடம்தான் எரிந்து விழுந்தேன்.

"பொண்ணு கல்யாணத்துக்குப் போகாம இங்க உக்காந்து இரும்பக் காவல் காக்கப் போறீங்களா? நாளைக்கு மெயின்லேண்ட் கப்பல்ல ஏறுங்க. நான் பாத்துக்கறேன்."

"உப்புக்காத்து சார். மழ வேற பட்டுச்சுன்னா பேரிங் எல்லாம் போயிரும்."

"அதான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல!"

அரை மனசோடு போனார். நானும் வாட்ச்மேனும், ஷாதிபூரிலிருந்து கூட்டி வந்த கூலியாட்களும் சேர்ந்து எல்லாவற்றையும் மண்டபத்தின் பின்பக்கம் இழுத்துப் போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். அங்கே போட்டதுகூட செயலாளருக்குப் பிடிக்கவில்லை. ஹிந்தியில் வெகுநேரம் கத்தினார். பதிலுக்குக் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. காற்று தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. என்ன பிழைப்புடா இது என்று அலுத்துக்கொண்டு அதன்மேல் செங்கல்லை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராட்டினக்காரர்தான். பின்னால் மேளச் சத்தம்.

"தாலி கட்டியாச்சு சார்" என்றார். குரல் தழுதழுத்தது. பிள்ளைகள் நல்லா இருக்கட்டும் என்றேன்.

"அங்க மழையா சார்?"

"இல்லைங்க. சுள்ளுன்னு வெயில்."

தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

"இரும்பு கிடக்கட்டும் சார்," என்றார். "நீங்க நனையாம உள்ள போங்க."