அண்ணியோடு பார்க்கப்போன கிழவர்கள்

பெங்களூரில் ஒரு மைதானம். மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. செம்மண் சேறு செருப்பை இழுத்துப் பிடித்தது. மேடையின் இரண்டு பக்கமும் மச்சு வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து கிடார் சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டில் மோதியது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆட்கள் கையை உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சட்டைப் பையில் மறைத்துக் கொண்டுவந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தார் என் அண்ணன். பக்கத்தில் அண்ணி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கண்ணை மூடி, தலையை ஆட்டியபடி நின்றார். ராக் இசை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

அண்ணி கோலார் தங்கவயலில் பிறந்தவர். எங்கள் பக்கத்து நிலமில்லாத குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சுரங்க வேலைக்குப் போன காலத்தில் அவருடைய தாத்தாவும் போயிருக்கிறார். அண்ணியின் அப்பா பகலில் சுரங்கத்துக்குள் இறங்குவார். சனிக்கிழமை சாயந்தரம் கிளப்பில் கிடார் வாசிப்பார். சுற்றிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அதனால் ராக் பாட்டு அண்ணிக்கு வெளிநாட்டுச் சரக்கே இல்லை. அம்மா கையால் வைத்த ரசம் மாதிரி, பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்தது. நர்ஸ் படிப்பு முடித்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தபோது, சீர் வரிசைகளோடு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டும் வந்தது.

எங்கள் வீட்டில் அதுவரை சினிமாப் பாட்டும், ஆடி மாசத்தில் மாரியம்மன் பாட்டும்தான். அண்ணி சமையல் செய்துகொண்டே முதல் கேசட்டைப் போட்ட அன்று, கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய் எழுந்தார்.

“இன்னாடி மருமவளே, அந்த ஆளு ஏன் இப்பிடி கத்திகினு கெடக்கறான்? வவுத்து வலியா?”

“காதல் தோல்வி அத்தே.”

“அதுக்கு இவ்ளோ சத்தமா? அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்குப் பேஜாரு.”

நான் அப்போதுதான் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். அண்ணியின் கேசட்டுகளை இரவல் வாங்கி, காதில் மாட்டிக்கொண்டு, மாங்காயும் மயிலும் அன்னமும் வரைந்தேன். புரியாத ஆங்கிலம்தான். ஆனாலும் பாட்டில் இருந்த கோபம் எனக்குப் புரிந்தது. அந்த வயதில் எனக்கும் யார்மேல் என்றே தெரியாத ஒரு கோபம் இருந்தது.

அண்ணி மிகவும் நேசித்தது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவை. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தெரியாதவர்களுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குழு பெங்களூருக்கு வருகிறது என்று அண்ணியின் தம்பி போன் செய்தபோது, அண்ணி ஆஸ்பத்திரியில் டூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டார். அண்ணன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். லீவு கேட்டால் முகம் சுளிக்கிற மேலதிகாரி. என்ன சொன்னாரோ, அவரும் வாங்கிவிட்டார். மூவரும் வேலூர் போய், அங்கிருந்து பெங்களூர் பஸ் பிடித்தோம்.

கேசட் அட்டையில் தோள்வரை முடியோடு, ஒடிசலாக, உலகத்தையே முறைத்துக்கொண்டு நின்றவர்களைத்தான் நாங்கள் பார்க்கப் போனோம். மேடைக்கு வந்தவர்கள் வழுக்கையும் தொப்பையுமாக இருந்தார்கள். பாடகருக்கு அறுபதை ஒட்டிய வயது. பெரிய திரையில் அவர் கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கினால் கூட்டத்தில் பாதி கழிப்பறைக்குப் போனது. பழைய பாட்டின் முதல் சுரம் கேட்டதும் ஓடி வந்தது. எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த பாட்டு கடைசியில் வந்தது. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தொடங்கும் பாட்டு அது. அந்த டிரம்மர் குச்சியை எடுத்ததுமே அண்ணி என் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டார். ஆனால் பாடகர் வாயைத் திறந்ததும் அண்ணியின் முகம் மாறியது. கேசட்டில் இருந்ததைவிடச் சுருதியை இறக்கிப் பாடினார்கள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் அவர் ஏறவே இல்லை, பக்கவாட்டில் நழுவி இறங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது அண்ணி வாணியம்பாடி வரைக்கும் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்.

“ஏமாத்திட்டாங்க. முடியலன்னா வீட்ல இருக்கணும். எதுக்கு வந்து பாட்டக் கொல்லணும்?”

அண்ணன் ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தார். “அந்த ஆளு வயசுக்கு அவ்ளோ நேரம் நின்னதே பெருசு. எங்க ஆபீஸ்ல ரிடையர் ஆனவங்க ஒரு மாடி ஏறறதுக்குள்ளவே மூணு தபா ஒக்காருறாங்க” என்றார். அண்ணி அவரை முறைத்தார். எனக்கும் அண்ணியின் கட்சிதான் சரி என்று பட்டது. முப்பது வயதுகூட ஆகாதவர்கள் அப்படித்தான் தீர்ப்பு சொல்வார்கள்.

பிறகு வந்த வருஷங்களில் இன்னும் சில குழுக்களைப் பார்த்தோம். எல்லாமே கிழக் குழுக்கள். எங்கள் பக்கத்துக்கு வருவதற்குள் அவர்களுக்கு வயதாகிவிடுகிறது என்று நான் அண்ணியிடம் சொல்வதுண்டு. ஒவ்வொரு முறையும் ஊருக்குத் திரும்பியதும் யாராவது கேட்பார்கள்: வயசான காலத்தில் அவர்களுக்கு எதற்கு இந்த வேலை, அதைப் பார்க்க நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள், போனிலேயே நல்ல குரலில் கேட்கலாமே என்று. நியாயமான கேள்விதான். அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது தெள்ளார் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தபோது. துரியோதனன் வேஷம் கட்டியவருக்கு எழுபது வயதிருக்கும். கிரீடத்தின் பாரம் தாங்காமல் கழுத்து நடுங்கியது. கிறுகிச் சுழன்று ஆடும்போது ஒரு கணம் தடுமாறி, மத்தளக்காரர் பக்கம் சாய்ந்து, சமாளித்து மறுபடி சுற்றினார். கூட்டத்தில் ஒருவர்கூட அவரை வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. போன வருஷம் அவரைப் பார்த்தவர்கள், அதற்கு முந்தைய வருஷம் பார்த்தவர்கள், சின்ன வயதில் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவர் தடுமாறியபோது அத்தனை பேருக்கும் மூச்சு நின்று திரும்பியது. நாம் பாட்டைக் கேட்கவும் ஆட்டத்தைப் பார்க்கவும்தான் போவதாக நினைக்கிறோம். அவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போகிறோம். அவர்கள் இருந்தால் நாமும் இருக்கிறோம்.

இதையெல்லாம் நான் அண்ணனிடம் ஒருமுறை விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எவ்ளோ பெரிய ஜெனரேட்டர் வெச்சிருந்தாங்க பாத்தியா? நம்ம ஆரணிக்கே கரண்ட் குடுக்கலாம்” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. “பாட்டும் பிடிக்கல, காதுலயும் பஞ்சு. அப்புறம் எதுக்குண்ணா ஒவ்வொரு வாட்டியும் வர்ற? மேடையப் பாத்துகினு ஒக்காந்தா போதுமா?” என்று கேட்டேன்.

“நான் எங்கடா மேடையப் பாத்தேன்?” என்றார் அவர்.

அண்ணன் இறந்தது ஒரு மத்தியான நேரத்தில். ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அண்ணி வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கண்ணை மூடிவிட்டதும், தாடையைக் கட்டியதும் அண்ணிதான். வீட்டில் கிடத்தியபோது எங்கள் சொந்தத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அண்ணிக்கு அந்தப் பாட்டு தெரியாது. அவர் வளர்ந்த ஊரில் சாவு வீட்டில் அப்படிப் பாடுகிற வழக்கம் இல்லையோ என்னவோ. வந்தவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா, அம்மா மாத்திரை போட்டுக்கொண்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா, எங்கள் மூவரில் மூத்தவர், மார்பில் அடித்துக்கொண்டு அழுததற்கு நடுவில் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே இவள் என்று அக்கா பிறகு பலரிடம் சொன்னது அண்ணியின் காதுக்கும் வந்தது. வீட்டில் பாட்டும் நின்றுபோனது.

அந்த வருஷம் முடிவதற்குள்தான் அதே இங்கிலாந்துக் குழு கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. பெங்களூரும் பட்டியலில் இருந்தது. போனில் பார்த்துவிட்டு, அண்ணியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். சொல்லிப் பார்த்தபோது, “தெரியும் தம்பி. அந்த டிரம்மரும் செத்துட்டாரு, அதுவும் தெரியும்” என்றார். என் கெட்ட நேரம், அம்மாவைப் பார்க்க வந்திருந்த அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

“என் தம்பி போயி வருஷம் திரும்பல. அதுக்குள்ள இவ ஆட்டம் பாக்கப் போறாளா? ஊரு இன்னா பேசும்?”

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். “நான் போவலங்க” என்றார், தலை நிமிராமல்.

மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா, “அவன் இருந்தா கூட்டினு போவாம இருந்திருப்பானா?” என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மறுபடியும் கேட்டார். “சொல்லேன்டி. போவாம இருந்திருப்பானா?”

அக்கா பையை எடுத்துக்கொண்டு, போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

நானும் அண்ணியும் போனோம். இந்த முறை மழை இல்லை. கூட்டமும் வயதாகியிருந்தது. தொப்பைமேல் இழுத்துவிட்ட கறுப்பு டீ ஷர்ட்டுகள், நரைத்த தாடிகள், கூடவே பிள்ளைகள். பாடகருக்கு ஒரு உயரமான ஸ்டூல் போட்டிருந்தார்கள். எண்பதை நெருங்கியவர், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து அதில் உட்கார்ந்தார். இடையிடையே தண்ணீர் குடித்தார். ஒரு பாட்டில் இரண்டாவது அடியை மறந்து, சிரித்து, முதலடியையே மறுபடி பாடினார். டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு புது ஆள், பேரன் வயது.

டிரம்ஸோடு தொடங்கும் அந்தப் பாட்டுக்கு நேரம் வந்தபோது மேடையில் எல்லா விளக்கையும் அணைத்து, டிரம்ஸ்மேல் மட்டும் ஒரு வெளிச்சத்தைப் போட்டார்கள். புது ஆள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எதுவும் கேட்கவில்லை. பிறகு இருட்டிலிருந்து பாடகர் மைக் முன்னால் கையைத் தட்டத் தொடங்கினார். கிழவர் கை. தாளம் கொஞ்சம் நொண்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் நடுவில் இருந்தவர்கள், அப்புறம் எங்களைச் சுற்றியிருந்தவர்கள். மைதானம் முழுவதும் செத்துப்போன ஒருவருடைய வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தது.

அவர் பாட ஆரம்பித்தார். நாங்கள் முதலில் கேட்டதைவிட இன்னும் இறக்கி, பேசுவது போல. அண்ணி என் காதருகே குனிந்து, “இன்னும் கொஞ்சம் கீழ எறக்கியே பாடலாம் தம்பி. பாவம், கஷ்டப்படுறாரு” என்றார்.

உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தது. பாடகர் ஏறப் பார்க்கவில்லை. மைக்கை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். அந்த இடத்தை அண்ணி பாடினார். இத்தனை வருஷத்தில் அவர் முணுமுணுத்துத்தான் நான் கேட்டிருக்கிறேன். அன்று முழுத் தொண்டையில் பாடினார். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. கூட்டம் அடுத்த அடிக்குப் போன பிறகும் அண்ணி அதே அடியில் இருந்தார், மறுபடி மறுபடி அதையே. பாட்டா ஒப்பாரியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அண்ணியைப் பார்த்தார். தன் வீட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி, அவருக்கு இடம் விட்டார்.

மறுநாள் நாங்கள் ஆரணி வந்து சேர்ந்தபோது அக்கா வீட்டில் இருந்தார். அம்மாதான் வரச்சொல்லியிருக்க வேண்டும். அண்ணி செருப்பைக் கழற்றி, “எப்ப வந்தீங்க?” என்று கேட்க வாயெடுத்தார். காற்றுதான் வந்தது.

“தொண்டைக்கு இன்னா?” என்றார் அக்கா.

“கத்திட்டேன்.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். இமைகள் வீங்கியிருந்தன. “அழுதியா?” என்று கேட்டார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா சமையலறைக்குள் போனார். மிளகு இடிக்கும் சத்தம் கேட்டது. பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சி, டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டு வந்தார். “இந்தா, சூடா குடி.” அண்ணி பாதி குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். பிறகு தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவனும் வருவானாமே அங்க. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அந்த சத்தத்துல வந்து இன்னாதான் பண்ணுவான்?”

அண்ணி அந்தக் கரகரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். அரை வார்த்தை சத்தமாக வந்தது, அரை வார்த்தை காற்றாகப் போனது. கேட்காத இடத்தில் அக்கா குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்றார். நான் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாயந்தரம் திரும்பி வந்தபோது, சேத்துப்பட்டுக்குக் கடைசி பஸ் போய்விட்டது, அக்கா இங்கேதான் தங்குகிறாள் என்றார் அம்மா. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.