சித்தப்பா இங்கிலாந்துக்குக் கத்திய நாள்

சித்தப்பா கிரிக்கெட் பார்க்கப் போவதா இல்லையா என்பதில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீடு ஒரு கிழமை இரண்டுபட்டுக் கிடந்தது. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் தன்னால் போக முடியவில்லை என்று இரண்டு டிக்கெட்டுகளைக் கொடுத்திருந்தார். இங்கிலாந்தும் இலங்கையும் மோதும் ஆட்டம். அப்பா அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார். சித்தப்பா தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கி, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும் என்று காத்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் கேஸ். கேஸ் வென்றால்தான் ஊரில் இருந்த சித்தியையும் மகளையும் கூப்பிடலாம். அந்த மகளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. அவள் தவழ்ந்து திரிந்த காலத்தில் விட்டுவிட்டு வந்தவர். நான் எதைக் கேட்டாலும் பெரியவர்கள் 'கேஸ் முடியட்டும்' என்பார்கள். எனக்குப் பூனைக்குட்டி கிடைக்காததற்கும் அதுதான் காரணம் என்று நான் அந்தக் கேஸின்மேல் கடுங்கோபத்தில் இருந்தேன்.

"அந்த நாட்டிலை இருக்கேலாது எண்டு எழுதிக் குடுத்திட்டு, அவங்கள் விளையாடேக்கை போய்க் கைதட்டப் போறியோ? உன்ரை ஃபைலை வைச்சிருக்கிறவன் ரீவியிலை கண்டால் என்ன நினைப்பான்?" என்று அப்பா சத்தம் போட்டார்.

"நான் இங்கிலாந்துக்குத்தான் கத்தப்போறன், அண்ணை" என்றார் சித்தப்பா.

அப்பா டிக்கெட்டுகளை மேசையில் போட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். இரண்டாவது டிக்கெட் எனக்குக் கிடைத்தது.

மைதான வாசலில் எங்கள் ஆட்கள் பதாகைகளோடு நின்றார்கள். "உள்ளை போகாதேங்கோ, எங்கடை சனத்தை நினையுங்கோ" என்று ஒவ்வொருவரையும் மறித்துச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர். சித்தப்பா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "அவையள் சொல்லுறதும் சரிதான். நீ கெதியா நட" என்றார்.

உள்ளே எல்லோருக்கும் அட்டைகள் கொடுத்தார்கள். ஒருபக்கம் நான்கு, மறுபக்கம் ஆறு என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பந்து எல்லையைத் தாண்டினால் தூக்கிப் பிடிக்கவேண்டும். சித்தப்பாவோ கமெரா எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். ஆள் அவுட் ஆனாலும் ஆறு, மழை தூறி ஆட்டம் நின்றாலும் ஆறு. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் இவருக்குக் கிரிக்கெட் தெரியாது என்று நினைத்து விதிகளைப் பொறுமையாக விளக்கினார். ஊர்ப் பள்ளிக்கூட அணிக்கு முதல் ஓவர் போட்ட மனிதர், எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

சொன்னதுபோல இங்கிலாந்துக்கும் கத்தினார். ஆனால் பல்லுக்குத்து வலியோடு ஒருவன் பாடியதுபோலத்தான் இருந்தது.

கடைசி ஓவர் வந்தது. இலங்கைக்கு ஒரு விக்கெட் வேண்டும், இங்கிலாந்துக்குச் சில ஓட்டங்கள். சித்தப்பா கத்துவதை நிறுத்தியிருந்தார். அட்டை மடியில் கிடந்தது. அடுத்த பந்தில் நடு விக்கெட் பறந்தது.

"போட்டான் பார்! ஐயோ, போட்டான் பார்!"

எந்த நேரத்தில் என்னைத் தூக்கித் தோளில் வைத்தார் என்று தெரியாது. குதித்தார், அழுதார், வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்தார். அட்டை எங்கோ போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெரிய திரையில் நாங்கள்! சித்தப்பாவின் முகம் ஒரு வீட்டளவு தெரிந்தது. அதற்குமேல் நான், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு.

அப்பா அடுத்து வந்த நாட்களில் தபால்காரரைக் கண்டாலே நடுங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஃபைலை வைத்திருந்தவருக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம் இல்லை போலும். வீடு மூச்சுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தொலைபேசியில் வந்தார். எல்லோரும் கேட்பதற்காகச் சித்தப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"பக்கத்து வீட்டு ரீவியிலை பிள்ளை உங்களைக் கண்டவள்."

"மெய்யே? அப்பா எண்டு என்னை மட்டுக்கட்டினவளே?" சித்தப்பா ஸ்பீக்கருக்குக் கிட்டக் குனிந்தார். "என்ன சொன்னவள்?"

"அப்பான்ரை தோளிலை இருக்கிறது ஆர் எண்டு கேட்டவள். பிறகு சாப்பிடேல்லை. இப்பவும் ஃபோனுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இலங்கையிலேயே என்னைப் பார்த்திருக்கிறார்கள்! ஓடிப்போய்த் தொலைபேசியில் வாயை வைத்து, "அது நான்தான் சித்தி!" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னைப் பிடித்து இழுத்தார்.

அதற்குப்பிறகு சித்தப்பா என்னைத் தூக்கியதில்லை. கேட்டால், நாரிப்பிடிப்பு, இடுப்பு நோகுது என்றார். பாவம், மெய்யாகவே நோகிறதாக்கும் என்று, அம்மாவின் அலுமாரியிலிருந்து தைலத்தை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன்.